ஷீபாவின் அடுக்களையில் என் மீன்சட்டி

ஜூன் 14, சனி.

தங்கை ஷீபாவின் புது வீட்டில் இன்று பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். அடுக்களையில் அலமாரி எல்லாம் வெள்ளை, மேடை கறுப்பு கிரானைட். அவள் மாப்பிள்ளை துபாயிலிருந்து படம் அனுப்பிச் செய்யச் சொன்னதாம். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரி போல வெறிச்சென்று கிடந்ததில் ஓர் ஆறுதல்.

அதையும் நானே கெடுத்தேன். கொண்டுபோன மீன்குழம்பை மண்சட்டியோடு அந்த மேடையில் வைத்தேன். சட்டியின் செங்காவி நிறம் பட்டதும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உயிர் வந்துவிட்டது. எல்லோரும் அங்கேயே நின்று போட்டோ எடுத்தார்கள்.

"யக்கா, இந்தச் சட்டி இங்கயே இருக்கட்டும். இப்பத்தான் அடுக்களை நெறஞ்சிருக்கு" என்றாள் ஷீபா.

"ஏட்டி, நாளைக்கு மீன் வைக்க எனக்கு வேணும்லா?"

குழம்பை அவள் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டுச் சட்டியைத் தூக்கி வந்துவிட்டேன்.

நாளை மீன் வாங்குவதாகவே இல்லை. சட்டியை என் அடுக்களையில் நாலு இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் வெறும் சட்டியாகத்தான் இருக்கிறது.