எட்டு போட்ட நோட்டு

ஜூன் 3, செவ்வாய்
இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் சங்கையா மாமாவின் கோழி இன்று எங்கள் ஹெல்மெட்டுக்குள் முட்டையிட்டது. தாயும் முட்டையும் நலம்.

இன்னொரு சேதி. ஈஸ்வரன் அண்ணன் குடியை நிறுத்தி நாற்பது நாள். அவனுக்கு நோய் இரண்டு. குடி ஒன்று. மனசு சில வாரம் உச்சியில் பறந்து, பிறகு பள்ளத்தில் கிடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம். அவன் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று எழுதுவது என் டூட்டி. "உறக்கம் குறஞ்சா உடனே அறியிக்கணும், கேட்டோ" என்று மலையாளத்தில் சொல்லி நோட்டைத் தந்தார் ஆஸ்பத்திரி நர்ஸ் ஜோமோன் சேட்டன். ஆக, நானும் பாதி டாக்டர்!

ஜூன் 9
எட்டு.
அண்ணன் பைக்கில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினான். நான் நோட்டில் எட்டு போட்டுப் பேர் வாங்குகிறேன்.

ஜூன் 14
அண்ணன் செம ஃபார்ம்! நான் எதைச் சொன்னாலும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். விடியுமுன்னே தான் ஓட்டுகிற வாடகை ஜீப்பைக் கழுவுகிறான், திரும்பவும் கழுவுகிறான். சின்னக்கானலில் டூரிஸ்டுகளுக்குச் சொந்தமாக ஐம்பது ஜீப் விடப்போகிறானாம். எட்டாத தூக்கத்துக்கும் எட்டுதான் போட்டேன்.
"இவன் தூங்குதானால?" என்றாள் அம்மா. நோட்டைக் காட்டினேன். அடங்கிவிட்டாள்.

ஜூன் 17
குடிச்சிட்டான்.

ஜூன் 18
ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு. "நாலு நாளா சரியா கண்ணு மூடலம்மா. தூக்கம் வரட்டும்னுதான் குடிச்சேன்" என்று அழுதான். டாக்டர் நோட்டைப் புரட்டினார். எட்டு, எட்டு, எட்டு. "குடிக்கதுக்கு ஒரு சாக்கு" என்றாள் அம்மா. அவனை யாருமே நம்பல. நான் வராந்தாவுக்கு ஓடிட்டேன். சொல்லணுமா? — டேய், சொல்லாட்டி?

ஜூன் 19
ஜோமோன் சேட்டனிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "சத்யத்தில் எத்ர மணிக்கூர், மோனே?" என்று மட்டும் கேட்டார். ரெண்டு மணி நேரம். சில நாள் மூணு. எட்டையெல்லாம் அடித்து எழுதிக் கொடுத்தேன். மருந்தை மாற்றினார்கள்.

ஜூலை 2
அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று நாள். தூக்கம் ஆறரை. அதையே எழுதினேன். பேச்சு ரொம்பக் கம்மி.
"ஏம்ல எட்டு போட்ட?" என்றான் இன்று.
"சோம்பல்ணே."
அதுவும் பொய். உண்மையை எழுதினால் மருந்தைக் கூட்டுவார்கள், அவன் அமைதியாகிவிடுவான் என்று தெரியும். என் ஜோக்குக்கெல்லாம் அப்படிச் சிரிக்கிற ஆள் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். நான் பெரிய காமெடியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது.
அப்போது சிரித்த அதே ஜோக்கைச் சாயங்காலம் சொல்லிப் பார்த்தேன்.
"மொக்கைல" என்றான்.
மொக்கைதான்.