சாமியறை ஆணி

ஒக்டோபர் 16, வியாழன் இரவு

இல்-பிசார் தீவில் நாங்களே கட்டும் வீட்டுக்கு நாளை காலை கொங்கிரீட் வருகிறது. தரையைச் சூடாக்கும் சுடுநீர்க் குழாய்கள் அதற்குள் புதைந்துவிடும். பிறகு ஒழுகினால் தரையையே உடைக்க வேண்டும். குழாய்களில் காற்றடைத்துப் பார்த்தபோது அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"குளிருக்குத்தானடா இறங்குது," என்றார் அப்பா.

என் வாய் சும்மா இருக்குமா? பின்னால் நின்று மெல்ல "ஸ்ஸ்ஸ்" என்றேன். காற்றுப் போகிறதென்று அப்பா பதறி, குழாய்களில் சவர்க்கார நுரை பூசிக்கொண்டே வீடு முழுக்கத் தவழ்ந்தார். குடிபூரலன்று புதுவீட்டுக்குள் முதலில் நுழையப் பசு தேவையில்லை, அப்பாவே நாலு காலில் நுழைந்துவிட்டார் என்று சிரித்தேன்.

சாமியறை மூலையில் நுரை உண்மையாகவே குமிழிட்டது. அங்கே, சாமி வைக்கும் இடத்துக்கு அடையாளமாக அம்மா நல்ல நேரம் பார்த்து அடித்த ஆணி, குழாயைத் துளைத்திருந்தது.

"இஞ்சரப்பா, உமக்கு வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று அப்பா அம்மாவிடம் கேட்டார்.

"பிள்ளையார்தான் உங்கட காதில ஊதிக் காட்டினவர்," என்றார் அம்மா, கண் கலங்கி.

அப்பா அந்தத் துண்டை வெட்டிப் புதிதாகப் பொருத்தினார். முள் அசையாமல் நின்றது.

ஊதியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கொங்கிரீட்டுக்கு முதல்நாள் பார்த்து எனக்கு ஏன் அப்படி ஊதத் தோன்றியது? கழற்றிய ஆணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.