நான் பார்க்காத போன்

ஜூலை 3, 2024, புதன்

காலையிலிருந்து வருமானச் சான்றிதழுக்கு வரிசை. சர்வர் இரண்டு தடவை நின்றுபோய்விட்டது. சான்றிதழுக்கு வருகிறவர்களுக்கு நான் ‘ஆன்லைன் சென்டர் கோமதிநாயகம்’. யூடியூபில் பார்க்கிறவர்களுக்கு ‘மொபைல் அண்ணாச்சி’. இரண்டாவது பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே எழுதுவதில் என்ன.

அடுத்த மாதம் வரப்போகிற வெரோ 5ஜி போன் பற்றிப் போட்ட வீடியோவுக்கு இருநூறு கேள்வி. சூடாகுமா? பழைய சிம் போதுமா? குருவிகுளம் பக்கம் 5ஜி எப்போது வரும்? ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியாது. இங்கிலீஷ் சைட்டுகளில் வருவதைத்தான் தமிழில் சொல்லுகிறேன். ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார். “அங்க படிச்சத இங்க ஒப்பிக்கதுக்கு நீரு எதுக்கு வே?” அந்தக் கமெண்டுக்கு எண்பத்தேழு லைக்.

மத்தியானம் முழுக்க அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6, சனி

சொல்லிவிட்டேன்.

‘கேள்வியும் பதிலும்’ என்று புது வீடியோ. நாலாவது நிமிடத்தில் வாய் தானாகச் சொல்லியது — கடையநல்லூரில் நண்பர் கடைக்கு டெமோ பீஸ் வந்திருந்தது, கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று. ஷேக் ஃபரீதின் மொபைல் கடையை மனதில் வைத்துச் சொன்னேன். அவர் கடைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. எடிட் பண்ணும்போது வெட்டியிருக்கலாம். இரண்டு முறை அந்த இடத்தில் நிறுத்தினேன். வெட்டவில்லை.

ஒரு கேள்வியை வாசித்துச் சிரிக்கவும் செய்தேன். ஜெபிதா என்று ஒரு பெண். “சார் வணக்கம். வீடியோ கால் கை வேகம் போனால் கை உடைகிறது. வெரோ போன் கை உடையுமா உடையாதா. பதில் தேவை.” நான் சொன்னது: “தங்கச்சி, கை உடைஞ்சா ஆஸ்பத்திரிக்குல்லா போகணும், போன் கடைக்கு எதுக்கு வாரீய?” நன்றாகச் சிரித்தேன். அப்புறம், 5ஜியில் வீடியோ கால் உடையவே உடையாது, எதிரே உட்கார்ந்து பேசுவது மாதிரி இருக்கும், நான் பார்த்தேன் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

வீடியோவை முழுக்கப் பார்த்துவிட்டு என் மனைவி ராஜகுமாரி ஒன்றே ஒன்று கேட்டாள். “நீங்க எப்பம் கடையநல்லூர் போனீய?” சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

ஜூலை 9, செவ்வாய்

பதினெட்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். இதுவரை என் வீடியோ எதுவும் மூவாயிரத்தைத் தாண்டியதில்லை.

ஷேக் ஃபரீத் போன் பண்ணினார். அவர் கடைப் பெயரை நான் சொல்லவில்லைதான். ஆனாலும் எங்கள் சிநேகிதம் தெரிந்த நாலு பேர் போய் டெமோ பீஸைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். “அண்ணாச்சி, இல்லாத பொருள நான் எங்கன போயி காட்டுவேன்?” என்றார். வியாபாரத்துக்கு நல்லதுதானே என்று சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த ஜெபிதா மறுபடி எழுதியிருக்கிறாள். “சார் நன்றி. நீங்கள் பார்த்தது உண்மையா. நான் முடிவு செய்ய வேண்டும்.”

இத்தனை பேரில் நேராகக் கேட்டது இவள் ஒருத்திதான். போனைக் கீழே வைத்தேன். ஒரு டீ குடித்தேன். திரும்ப எடுத்து அடித்தேன்: உண்மை தங்கச்சி, பத்து நிமிடம் பயன்படுத்திப் பார்த்தேன்.

வாய் தவறிச் சொன்னது என்று சனிக்கிழமைப் பொய்யைச் சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்ல? ஒவ்வொரு எழுத்தாக அடித்தது.

ஜூலை 21, ஞாயிறு

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா. நாலு வீதியிலும் ஜனம். ராயகிரியிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் என்னை அடையாளம் கண்டு நிறுத்தி போட்டோ எடுத்துக்கொண்டது. “அண்ணாச்சி பாத்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அந்த வீட்டுக்காரர். ராஜகுமாரி பக்கத்தில் நின்றாள். போட்டோவுக்கு வரவில்லை, வெயில் என்று சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வெரோ 5ஜி வந்துவிட்டது. நானும் வாங்கிவிட்டேன். என் கடையில் வைத்துப் பார்த்தால் வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாடா என்றிருந்தது. சொன்னது பலித்துவிட்டால் அது பொய் ஆகாதோ?

ஆகஸ்ட் 14, புதன்

எழுதிவிட வேண்டும்.

பன்னிரண்டு மணி வாக்கில் இரண்டு பெண்கள் வந்தார்கள். பெரியவருக்கு அறுபது இருக்கும். இளையவளுக்கு முப்பதுக்குள். இளையவள் என்னைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் சிரித்து, புது வெரோ போனை மேஜையில் வைத்தாள். பெரியவர்தான் பேசினார்.

“தம்பி, வீடியோவுல வாரது நீங்கதான? நான் தேவமணி. இவ எம் மருமக ஜெபிதா. இவளுக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. எம் மவன் பிரபினுக்கும் அப்படித்தான். ரெண்டுபேரும் பாளையங்கோட்டையில காது கேக்காதவுக பள்ளியொடத்துல ஒண்ணாப் படிச்சாவ. அவன் குவைத்துல இருக்கான். கையாலதான பேசணும். இந்தப் போன்லயும் கை உடையுது. என்னன்னு பாருங்க.”

கை உடையுது.

அங்கேயே ஜெபிதா பிரபினுக்குக் கூப்பிட்டாள். தன் வீட்டில் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக என் வைஃபையைப் போடவில்லை, கடையின் உள்மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். திரையில் மெலிந்த முகம், பின்னால் அலுமினியச் சட்டங்கள். அவள் கைகள் பேச ஆரம்பித்தன. நான் பக்கத்தில் நின்று திரையின் ஓரத்தில் தெரிந்த அவள் படத்தைப் பார்த்தேன். விரல்கள் கரைந்து ஒரே வெள்ளைப் பட்டையாக ஓடின. அவன் பக்கமோ, கை பாதியில் நின்று கட்டம் கட்டமாகச் சிதறியது. திரும்பச் சொல் என்கிறான் அவன். இவள் சொல்கிறாள். மறுபடியும். மூன்றாவது தடவை, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு விரலாக மடக்கி மெதுவாகக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். புரிந்து ஆட்டியதாகத் தெரியவில்லை.

என்ன தகராறு என்று எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் குறைந்தால் அந்த முன் கேமராவுக்கு ஓடுகிற விரல் பிடிபடாது. அது பாதி. மீதி, ஊருக்குள் பாதி இடத்துக்கு இன்னும் 5ஜி வந்து சேரவில்லை. பத்து நிமிடம் நிஜமாகவே பயன்படுத்தியிருந்தால் முன்னமே சொல்லியிருப்பேன்.

தேவமணியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். ஜூலையோடு பிரபினுக்கு ஒப்பந்தம் முடிந்ததாம். வந்துவிடுகிறேன் என்றானாம். “இவதான், ஒருத்தர் புது போனப் பாத்துட்டு நேருல பேசுத மாதிரி இருக்கும்னு சொல்லிருக்காரு, இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வா, வீடு கட்டுத வேல முடிஞ்சுரும்னு சொல்லிட்டா. அவனும் கையெழுத்துப் போட்டுட்டான்.”

நான் என்ன செய்தேன்? அப்டேட் வரும், பத்து நாளில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். மாமியார் அதைக் கையால் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

வாசல் வரை போன தேவமணியம்மா தனியாகத் திரும்பி வந்தார். “வீடியோவுல நீங்க சொன்னதெல்லாம் அவளுக்குச் சொல்லிட்டேன் தம்பி. நீங்க சிரிச்சத மட்டும் சொல்லல்ல” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

வீடியோவை நீக்கிவிட்டேன். யாருக்காக?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ராஜகுமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்துக்கடை வேலைக்கான சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டுச் சொன்னாள்: “போனப் பத்திக் கேட்டவகிட்ட ஒரு பொய் சொன்னீய. சரி. புருஷங்கூட பேச முடியலன்னு வந்து நின்னவகிட்டயும் அப்டேட்டு வரும்ங்கீயளே, அது எப்படி வாயில வந்துச்சு?”

எனக்கும் அதுதான் தெரியவில்லை. முதலாவதற்காவது புகழாசை என்று ஒரு பேர் இருக்கிறது. இரண்டாவது வெறும் பயம். ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள், அந்தச் சிரிப்பு போய்விடக் கூடாதென்று...

அடுத்த சனிக்கிழமை ராஜகுமாரிக்கு அரை நாள் லீவு, கூட வருகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

கழுகுமலை ரோட்டில் உள்ளடங்கிய தெரு. பூசாத சுவர், மாடிக்குப் பாதிப் படி ஏறி நிற்கிற வீடு. வாசலிலேயே தேவமணியம்மாவிடம் சொல்லிவிட்டேன் — வீடியோ போட்டபோது அந்தப் போனை நான் பார்த்ததே இல்லை, அப்டேட்டும் கிடையாது. சிரித்ததையும் ஜெபிதாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப்போகிறேன் என்றேன்.

“வேண்டாம். ஒங்க மனசு லேசாகணும்னு அவளுக்கு ஒரு பாரத்த ஏத்தாதீங்க. பொய்யச் சொல்லுங்க. அது அவ தெரிஞ்சுக்கிடணும். மத்தது வேண்டாம்.”

உள்ளே ஜெபிதா ஒரு நோட்டைக் கொடுத்தாள். எழுதினேன். இரண்டே வரி. ‘நான் அந்தப் போனைப் பார்க்கவில்லை. உங்களிடம் பொய் சொன்னேன்.’ அவள் வாசித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்ப வாசித்தாள். பேனாவை வாங்கி அடியில் எழுதி நோட்டை என் பக்கம் திருப்பினாள்.

“நீங்கள் சிரித்தது அன்றே பார்த்தேன். அத்தை மறைத்தார். நான் சொல்லவில்லை. எனக்குக் காது இல்லை கண் இருக்கிறது. கேலி செய்யும் ஆள் என்று தெரியும். பொய் ஆள் என்று தெரியாது.”

தேவமணியம்மா எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் தலையைத் தூக்கவே இல்லை. நோட்டில் இன்னொரு வரி வந்தது. “அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.”

எனக்குக் கையால் பேசத் தெரியாது. அவள் சொன்னால் அவனுக்குப் பிடிபடாது. நோட்டின் முழுப் பக்கத்தில் பெரிதாக எழுதினேன், அதே இரண்டு வரி. பிரபின் திரையில் வந்ததும் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆடாமல் பிடித்ததால் அது மட்டும் உடையாமல் போய்ச் சேர்ந்தது. சின்னக் கட்டத்தில் எனக்கே தெரிந்தது — நரைத்த ஒரு ஆள், கழுத்துக்குக் கீழே ‘பொய் சொன்னேன்’.

பிரபின் கோபப்படவில்லை. கையை உயர்த்தி ஒரே ஒரு சைகை காட்டினான். சிதறியது. மறுபடி மெதுவாகக் காட்டினான்.

“ஏன்னு கேக்கான்” என்றார் தேவமணியம்மா.

நோட்டு என் கையில்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஏன்?

செப்டம்பர் 1, ஞாயிறு

உண்மையைச் சொல்லி வீடியோ போட்டேன். டெமோ பீஸ் பொய், பார்த்தது பொய், ஒரு பெண்ணின் கேள்வியைப் புரியாமல் கேலி பண்ணினேன் என்று. அவள் பேரைச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்று எழுதி அனுப்பியிருந்தாள். மாலைக்குள் அறுநூறு பேர் சேனலை விட்டுப் போய்விட்டார்கள். ‘நல்லா நடிக்கீரு வே’ என்று ஒருத்தர். அழுதிருந்தால் இன்னும் நன்றாக ஓடியிருக்கும் என்று ஒருத்தர். ஷேக் ஃபரீதுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

ராஜகுமாரியின் யோசனை. மன்னிப்புக் கேட்டதோடு நின்றால் அது உங்களுக்காகச் செய்தது, அவர்களுக்கு என்ன ஆச்சு என்றாள். எந்த இடத்தில் கை உடையவில்லை என்று தேடிப் பார்க்கலாம் என்று நேற்று ஜெபிதாவுக்கு எழுதினேன். ‘சரி’ என்று மட்டும் வந்தது.

குவைத்தில் பிரபின் அலுமினியச் சட்டம் மாட்டுகிற வேலைக்கு இடையில் நேரம் ஒதுக்கி அறைக்கு வந்து காத்திருந்தான். அவன் பக்கம் பிரச்சினை இல்லை, அறையில் நல்ல வைஃபை என்று எழுதியிருந்தான். நாங்கள் நாலு பேரும் தெருத் தெருவாகப் போனோம். அவர்கள் வீட்டு வாசலில் வெளிச்சம் உண்டு, வேகம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் வேகம் உண்டு, ஆனால் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜெபிதா உடனே கையை மடக்கிக்கொண்டாள். கடைசியில் என் கடை. உள்மூலை ஆகாது. வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, கேபிள் வழியாக வருகிற வைஃபையில், மேற்கு வெயில் முகத்தில் விழுகிற நாலு மணிக்கு — உடையவில்லை. பத்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. பிரபின் ஏதோ சொல்ல அவள் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னாள். அந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இத்தனை நாளும் அவள் திக்கித் திக்கித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் வெளியே வந்து ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டேன். அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. ஆனாலும் பார்க்கக் கூடாது.

அக்டோபர் 9, புதன்

ஒப்பந்தத்தை ரத்து பண்ண பிரபின் கம்பெனியில் கேட்டானாம். முடியாது என்றுவிட்டார்கள். தேவமணியம்மா இதைச் சொல்லிவிட்டு, “சொல்லணும்னு தோணுச்சு” என்றார். சரிம்மா என்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

எப்போதும்போல நாலு மணிக்கு ஜெபிதா பிரபினோடு பேச வந்தாள். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்து இப்போதெல்லாம் சிரிப்பதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

நாளை தென்காசியில் ஒரு பயிற்சி, இ-சேவைக்காரர்கள் எல்லோரும் போக வேண்டும். திரும்ப ஏழு மணி ஆகும். கடையைப் பூட்டினால் ஜெபிதாவுக்கு ஒரு நாள் போய்விடும். காலையில் ஷட்டருக்கு இன்னொரு சாவி வெட்டி வாங்கிவந்தேன். சாயங்காலம் அவள் பேசி முடித்ததும் மேஜையில் வைத்தேன். நாளைக்கு மட்டும் இல்லை, உங்களிடமே இருக்கட்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினேன்.

சாவியைப் பார்த்தாள். கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பிரபின் வர இன்னும் இருபது மாதம்.