மாமா எடுத்த படம்

என் டாக்டரம்மாவுக்கு,

நர்ஸான உன்னை டாக்டர் என்றே கூப்பிடும் அதே ஆள்தான் எழுதுகிறேன். நான் நலம். உன் அப்பாவும் நலம். முழங்கால் வலி மட்டும் மாமாவை மாடிப்படி எண்ண வைக்கிறது. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பயந்துபோயிருப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அவர் என் தோளை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழக்கூடாத விஷயம் இது. மெசேஜில் அனுப்பினால் நீ வார்டில் நின்றபடியே படித்துவிடுவாய். அதனால்தான் இப்படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கிரிப்டோ வாலட் காலியாகிவிட்டது. நீ ஊர் திரும்புவதற்கென்று மூன்று வருடமாக அனுப்பியதும் அதில்தான் இருந்தது.

போன மாதம் பதினெட்டாம் தேதி, காய்கறி வாங்கி வந்து கணினியைத் திறந்தேன். காலை பத்து நாற்பதுக்கு அதிலிருந்த பணம் முழுவதும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போயிருந்தது. நான் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த நேரம். பென்டிரைவ் மாதிரி இருக்குமே வாலட்டைத் திறக்கும் அந்தக் கருவி, அது பூட்டிய பீரோவில் அப்படியே இருந்தது. கருவி தொலைந்தால் வாலட்டை மீட்க உதவும், ஆனால் தெரிந்தவர் யாரும் பணத்தை எடுத்துவிடக்கூடிய பன்னிரண்டு வார்த்தைகளை எழுதிய தாளும் உறைக்குள் பத்திரமாக இருந்தது.

சைபர் போலீசில் ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டார்: "அந்த வார்த்தைங்களை யார்கிட்டயாவது காட்டினீங்களா? எங்கயாவது டைப் பண்ணீங்களா?" இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். புகாரை வாங்கிக்கொண்டு, "திரும்பக் கிடைக்கும்னு நம்பி உட்கார்ந்துடாதீங்க சார்" என்றார்.

மூன்றாம் நாள் மாமா தன் போனை நீட்டினார். அத்தை உயிரோடிருந்தபோது எடுத்த படம். கலங்கலாக விழுந்திருந்ததே, அவர் வாய்விட்டுச் சிரிக்கிற அந்த ஒரே படம். அதை ஏதோ ஒரு செயலியில் போட்டுத் தெளிவாக்கியிருக்கிறார். "பாருங்க மாப்பிள்ளை, பல்வரிசைகூடத் தெரியுது" என்றார். குரல் உடைந்துவிட்டது அவருக்கு. நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே விரலைத் தள்ளினேன். அடுத்த படத்தில் என் கையெழுத்து. பன்னிரண்டு வார்த்தைகள், வரிசை எண்ணோடு.

சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். மழையில் பீரோவுக்குப் பின்னால் சுவர் ஓதம் பிடித்தபோது எடுத்தாராம். "எல்லாத்தையும் படம் பிடிச்சு வச்சுட்டேன். நனைஞ்சு போனா என்ன பண்றது?" உன் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரம், அதோடு இதுவும். சாவியைக் கொடுத்ததே நான்தான். அந்தச் செயலி எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறது. அவர் சரி என்று தட்டியிருக்கிறார். மறுபடி அதிகாரியிடம் போனேன். படங்களிலிருந்து இப்படி வார்த்தைகளைத் திருடும் செயலிகள் உண்டு, இது அந்த வகைதான் போலிருக்கிறது என்றார்.

அவர்மேல் கோபப்படாதே. அந்தத் தாள் என்னவென்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னாலும் புரியாது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். ஒரு டிரேடில் கையிருப்பில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போட மாட்டேன், விலை விழுந்தால் தானாக விற்றுவிடும் ஸ்டாப் லாஸ் போடாமல் எதையும் தொட மாட்டேன் என்று உன்னிடம் எவ்வளவு பீற்றியிருக்கிறேன்! விலை விழுவதற்கு மட்டும்தான் வேலி போட்டேன். எல்லாவற்றையும் ஒரே வாலட்டில் வைக்காதீர்கள், பாதியை வங்கிக்கு மாற்றுங்கள் என்று நீ ஜனவரியிலேயே சொன்னாய். விலை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரே வாரம் என்று இழுத்துவிட்டேன்.

மாமாவிடம் வியாபாரத்தில் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். "படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது?" என்று நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் தன் பென்ஷன் பாஸ்புக்கை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்துப்போய் அவர் தலையணைக்கடியில் வைத்தேன். போன் மெதுவாக இருக்கிறது என்று சாக்குச் சொல்லி வாங்கி, அந்தச் செயலியையும் தாளின் படத்தையும் நீக்கினேன். அத்தையின் படத்தைத் தொடவில்லை. அதை உனக்குக் காட்டத் துடித்துக்கொண்டிருக்கிறார்.

டயர் கிடங்கில் பழைய முதலாளியிடம் போய் நின்றேன். "என்னப்பா, கம்ப்யூட்டர் போரடிச்சுடுச்சா?" என்று சிரித்தார். ஒன்றாம் தேதி சேரச் சொல்லிவிட்டார். வெட்கப்படக்கூடத் தெம்பில்லை எனக்கு. எவ்வளவு தூங்கினாலும் கண் எரிகிறது.

இதைப் படித்ததும் நீ ஓவர்டைம் கேட்டு நிற்பாய், எனக்குத் தெரியும். வேண்டாம். நீ சொல்லாவிட்டாலும் வீடியோ காலில் இடுப்பு வலி உன் முகத்தில் தெரிகிறது. நீ ஊர் திரும்புவது இன்னும் ஒரு வருடமோ இரண்டோ தள்ளிப்போகும். என்னை மன்னி என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, இப்படி வியாபாரத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டீர்களே என்று மாமா காதில் விழும்படி என்னை நன்றாகத் திட்டு. பாதியில் இரக்கப்பட்டு நிறுத்திவிடாதே. அவருக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரக்கூடாது.

திட்டு வாங்கத் தயாராக,
உன் வீட்டுக்காரன்