பால்கனிக்குக் கீழே நின்ற கார்

உன் காரின் பின்கதவைத் தூக்கியதும் பச்சைத் தைலத்தின் வாடை முகத்தில் அடித்தது. இந்த வியட்நாம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் கைப்பையில் வைத்திருக்கும் அதே சின்னப் புட்டி. தலைவலி, கொசுக்கடி, மனசு சரியில்லை, எல்லாவற்றுக்கும் நீ அதைத்தான் தேய்ப்பாய். மூளையில் ரத்தம் கசிந்து, இரண்டே நாளில் நீ போய் ஒரு மாதம் ஆகிறது. வாடை மட்டும் போகவில்லை.

காரைக்காலிலிருந்து உன் தம்பி பேசினான். வண்டியை வாங்க ஒருவர் வருகிறார், உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிடுங்கள் அக்கா என்றான். அதற்காகத்தான் எங்கள் குடியிருப்பின் கீழே, விருந்தினர் வண்டிகள் நிற்கும் திறந்த இடத்தில் அதை நிறுத்தினேன். நாம் வேலை பார்த்த பள்ளியில் உன் மேசையை ஏற்கெனவே காலி செய்திருந்தேன். அழாமல்தான் செய்தேன். இதுவும் அப்படி முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

தரைப் பலகையைத் தூக்கினால், மாற்று டயரின் மேல் சுருட்டிய பாய். என் நீலப் போர்வை. அதற்கு அடியில், ஜன்னல்களின் அளவுக்கு வெட்டிய அட்டைகள். ஒன்றில் என் கையெழுத்து: 'சாம்பார் மேலே இருக்கு, பார்த்துத் திற.'

அந்தப் போர்வையோடு இந்தக் காரில் நாம் தூங்கியது ஒரே ஒரு ராத்திரி. நீ கார் வாங்கிய புதிதில் முயீ நே கடற்கரைக்குப் போனோம். விடுதி அறையை மறுநாள் தேதிக்குப் பதிவு செய்து வைத்திருந்தது நான். நீ திட்டவில்லை. பின் இருக்கையை மடித்துப் போட்டு, "சின்ன எஸ்யூவின்னு கேலி பண்ணியே, பாரு, டபுள் பெட்டு!" என்றாய். மடித்த இருக்கைக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி நின்றது. அது இரண்டு பேர் இடுப்பையும் பதம் பார்த்தது.

"காலை எடுடி, என் வயித்துல இருக்கு."

"அது உன் கால்தான். நீ வளந்த வளத்திக்கு எங்க போவ?"

சிரித்துச் சிரித்து கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்தது. ஒரு விரல் அகலத்துக்கு ஜன்னலை இறக்கினோம், கொசு வந்தது. காலையில் நீ மணலில் நிமிர முடியாமல் நின்று சொன்னாய்: "சத்தியமா சொல்றேன், இனிமே ஜென்மத்துக்கும் இதுல படுக்க மாட்டேன்."

அந்தப் பேச்சை நான் நம்பிவிட்டேன்.

இந்த வருடம் இவர்களின் புத்தாண்டான தெத் பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது உன் அம்மா இறந்த செய்தி வந்தது. விமானம் எதிலும் இடமில்லை. கொள்ளி வைப்பதை நீ கைப்பேசியில் பார்த்தாய். தூ டுக் பகுதியில் நீ குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் உன்னோடு சேர்ந்து அழுதாளாம். அழுதுவிட்டு, புது வருடத்தின் முதல் மூன்று நாள் துக்கக்காரர் வீட்டுக்குள் இருந்தால் வருடம் முழுக்க ஆகாது, கோபித்துக்கொள்ளாதே என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாளாம். நீ எனக்குப் போன் செய்தாய்.

என் மாமியார் அப்போதுதான் திருச்சியிலிருந்து வந்திருந்தார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, "பதினாறு நாள் தீட்டும்மா, கழியட்டுமே" என்றார், மெதுவாகத்தான். நான் உன்னிடம், "வாடி, இங்க வந்துடு. ஆனா அத்தை..." என்று இழுத்தேன். அந்த இழுவை இரண்டு விநாடி இருக்குமா?

"ஐயோ, நான் ஓட்டல்ல ரூம் போட்டுட்டேன்டி. ஜன்னல்லேருந்து ஆறு தெரியுது" என்றாய்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அட்டைப் பெட்டியில் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் கேட்டுக்கு வெளியே, ஆற்றோர நடைபாதையில் நின்று வாங்கிக்கொண்டாய். ஓட்டல் எங்கே என்றதற்கு, நடக்கிற தூரம்தான் என்றாய். கண் வீங்கியிருந்தது. அழுத வீக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எந்த ஓட்டல் என்று நான் கேட்கவில்லை.

இன்று அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து, எங்கள் கட்டடத்துக் காவலர் வந்தார். வண்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"இந்த வண்டியா! அந்த உயரமான அக்கா எங்க? தெத்துக்கு மூணு ராத்திரி இங்கதானே தூங்கினாங்க."

எனக்கு வியட்நாமிய மொழி தப்பாகப் புரிந்துவிட்டதோ என்று திரும்பக் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள்.

"உங்க தோழின்னு சொன்னாங்க. உங்க வீட்ல சொந்தக்காரங்க நிறைய, படுக்க இடமில்ல, நீங்கதான் கீழ படுத்துக்கச் சொன்னீங்கன்னாங்க. அதான் விட்டேன். நூடுல்ஸுக்குச் சுடுதண்ணி கொடுத்தேன். ஓட்டலுக்குப் போகலாமேன்னு கேட்டேன், அக்கா. அங்க யாரையும் தெரியாதே அப்படின்னாங்க."

நீ இறந்துவிட்டாய் என்று அவரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

மூன்று நாள் அறை எடுக்க வசதியில்லாதவள் அல்ல நீ. அது எனக்கும் தெரியும். என்னைக் காவலரிடம்கூட நீ விட்டுக் கொடுக்கவில்லை.

அவர் போன பிறகு பின் இருக்கையை மடித்துப் படுத்துப் பார்த்தேன். அந்தப் படி இடுப்பில் இடித்தது. தலையைத் திருப்பினால் ஒரு ஜன்னலில் ஆறு. மறு ஜன்னலில் எங்கள் நான்காம் மாடி. பால்கனியில் காயும் என் மாமியாரின் புடவை, பக்கத்தில் சமையலறை ஜன்னல், அதன் டியூப் லைட். பட்டப்பகலில் அணைக்க மறந்திருந்தேன்.

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி நீ போன் செய்தாய். எடுத்ததும், "என்னடி, இன்னும் பாத்திரம் கழுவி முடியலையா?" என்றாய். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். "உன் குரல்லயே தெரியுது" என்று சிரித்தாய். ஈரக் கையோடு நானும் சிரித்தேன். ஒரு முறை ஜன்னல் வழியே கீழே குனிந்திருந்தால் போதும்.

கார் நாளை போகிறது. என் கையெழுத்துள்ள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் யாராவது என்னிடம் 'ரூம் போட்டுட்டேன்' என்றால், எந்த ஓட்டல், எத்தனாம் நம்பர் என்று கேட்கிறேன். ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பதில் வரும்வரை விடுவதில்லை.