அரிசிப் பெட்டியின் சாவி

உள்ளங்கையில் இன்னும் பித்தளை வாடை அடிக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. உன் சாவிதான். உன் ஈமக்காரியம் முடிந்த கையோடு அது என் சட்டைப்பைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வெளிநாடு வந்த புதிதில் லாசால் தொழிற்சாலையில் நாம் இருவரும் அட்டைப்பெட்டி அடுக்கிய காலம் உனக்கு மறந்திருக்காது. ஊரில் வரலாறு படித்தவன் நீ. சாப்பாட்டு நேரத்தில் உன் வாய் சும்மா இருக்காது. உருக் என்ற பழைய நகரத்தைத் தோண்டினால் ஒரே மாதிரியான மண் கிண்ணங்கள் குவியல் குவியலாக வருகின்றன என்றாய். அழகும் இல்லை, பூவேலையும் இல்லை. வேலையாட்களுக்குத் தானியம் அளந்து கொடுத்த கிண்ணங்கள் என்பது உன் கட்சி.

"அரசன் வாளோடை வரேல்லை மச்சான். களஞ்சியத்துக்குக் காவல்காரனா வந்தவன். கள்ளர் வாறாங்கள், கொஞ்ச நாளைக்கு நான் பாத்துக்கொள்ளுறன் எண்டுதான் வந்தவன். பேந்து சிம்மாசனத்தாலை இறங்கேல்லை." சொல்லிக்கொண்டே என் புட்டில் பாதியை எடுத்துத் தின்பாய்.

இவ்வளவும் தெரிந்தவன் நீ. அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை.

நம் சனம் கூடும் மண்டபத்தில் அரிசிப் பெட்டி வைத்தது நம் இருவருடைய யோசனை. சனிக்கிழமைகளில் வசதியுள்ளவர்கள் அரிசி கொண்டுவந்து கொட்டுவார்கள்; இல்லாதவர்கள் பால்மாத் தகரப் பேணியால் அள்ளிப் போவார்கள். கொட்டுபவரையும் அள்ளுபவரையும் எவரும் பார்க்கக் கூடாது என்று பெட்டியைக் கதவுக்குப் பின்னால் வைத்தோம். அது ஒன்றுதான் விதி. புதிதாக வந்து அகதிக் கோரிக்கை போட்டுவிட்டுக் காத்திருந்த சனங்கள் தலை குனியாமல் வந்து போனார்கள்.

ஒரு சனிக்கிழமை யாரோ பெட்டியிலிருந்த அரிசி முழுவதையும் துடைத்து அள்ளிப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் நீ பூட்டோடு வந்தாய். "ஒரு மாசத்துக்குத்தான்டா," என்றாய். பெட்டி கதவுக்குப் பின்னாலிருந்து மண்டபத்தின் நடுவுக்கு வந்தது. பிறகு பக்கத்தில் நீ உட்கார ஒரு கதிரை. பிறகு வரிசையை ஒழுங்குபடுத்த உன் ஊர்க்காரர் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பேணி, நீ அளந்து போடுவாய். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கப் பழகிக்கொண்டார்கள். உனக்கும் அது பிடித்திருந்தது. இல்லை என்று மட்டும் சொல்லாதே.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை நகரின் மறுபக்கம், கோட்-டெ-நெய்ஜிலிருந்து ஒரு பெண் வந்தாள். மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வந்தவள். காலணி முழுக்க ஈரம். நீ பூட்டிவிட்டு எழும்பியிருந்தாய்.

"நேரம் முடிஞ்சுது தங்கச்சி. வாற சனி வாங்கோ."

"திறந்து குடடா, சாவி கையிலைதானே கிடக்கு," என்றேன் நான்.

"ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கு."

"பரவாயில்லை அண்ணை," என்று அவள் வெறும் பையை மடித்துக்கொண்டு படியிறங்கினாள். "நீ சொன்ன காவல்காரன் நீதான்டா," என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். உன் முகம் கறுத்தது. "உனக்குப் பிடிக்காட்டி இனி இஞ்சை வராதை," என்றாய். அரிசி வாங்கி முடித்தவர்கள் வழக்கம்போல உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அத்தோடு நம் பேச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோதும் நான் வரவில்லை, நீயும் கூப்பிடவில்லை.

காரியத்தன்று உன் மனைவி என்னைத் தனியே அழைத்துச் சாவியைத் தந்தா. "உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவர்," என்று அழுதா. மன்னிப்பென்று ஒரு சொல் இல்லை. சாகும்போதும் உனக்கு வாரிசு வைக்கத்தான் தோன்றியிருக்கிறது.

இன்று சனிக்கிழமை. நேரத்தோடு போய்ப் பூட்டைக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழையபடி கதவுக்குப் பின்னால் வைத்து, பேணியை அரிசிக்குள் செருகிவிட்டு ஒதுங்கி நின்றேன். சனம் வந்தது. திறந்த பெட்டியைப் பார்த்தது. ஆனால் நீ அளந்து போட்ட மண்டப நடுவிலேயே போய் வரிசையாக நின்றது. ஒருவரும் அரிசியில் கை வைக்கவில்லை.

வரிசையின் முன்னால் நின்றவள் அதே பெண். நீ வெறும் பையோடு திருப்பி அனுப்பினாயே, அவள்.

"ஆர் அண்ணை அளந்து தாறது?"

"நீங்களே அள்ளுங்கோ தங்கச்சி. ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

அவள் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இப்பிடித் திறந்து விட்டா பிந்தி வாறவைக்கு ஒண்டும் மிஞ்சாது. அவர் இருக்கேக்கை ஒரு ஒழுங்கு இருந்தது. பூட்டு எங்கை?"

குப்பைக்குள் கைவிட்டுப் பூட்டைத் தேடி எடுத்து, உன் சாவியைப் போட்டுப் பார்த்தேன். அந்த வாடைதான் இது. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான், பாவி. உன் ஊர்க்காரர் இருவரும் உன் கதிரையை எனக்காகத் துடைத்து வைத்திருந்தார்கள். கால் கடுத்தது. உட்கார்ந்தேன்.