சவுனாவில் தொங்கிய மரக்கரண்டி

பிப்ரவரி 3, திங்கள்

நூலக அடித்தளத்தில் எங்கள் கணினிச் சங்கக் கூட்டம். வந்தவர்கள் ஆறு பேர். அதில் நான்கு பேர் காபிக்கும் ஏலக்காய் பன்னுக்கும் வந்தவர்கள். சனிக்கிழமை போட்டி. அவரவர் பால்கனிக் குளிரில் கணினியை வைத்து, பிராசஸரை யார் அதிக வேகத்துக்கு முடுக்குகிறார்களோ அவருக்கு மரக்கரண்டி. ஏழு வருடமாக அது என் வீட்டு நீராவிக் குளியலறையில், சவுனாவில்தான் தொங்குகிறது. அதில்தான் சூடான கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

இந்த வருடம் ஐரா என்று ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூடச் சமையல்காரி. ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றுவதற்கு முன் பழையதை நோட்டில் எழுதுகிறாளாம். இங்கே என்ன சூப்பா வைக்கிறோம்?

"நீங்க எழுதி வைக்கிறதில்லையா, டார்மோ?"

"எனக்கு எல்லாம் மண்டையில இருக்கும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அதையும் எழுதிக்கொண்டாளோ என்னவோ.

பிப்ரவரி 6, வியாழன்

மைனஸ் பத்தொன்பது. அருமையான குளிர்.

மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன், திரை கறுத்துவிட்டது. மதர்போர்டின் பட்டன் பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். உயிர் வந்தது. ஆனால் மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து வைத்த செட்டிங் எல்லாம் அழிந்து, வாங்கிய நாளில் இருந்த நிலைக்குப் போய்விட்டது. போகட்டும். மண்டையில் இருக்கிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

மண்டையில் இல்லை.

பிப்ரவரி 8, சனி

நாலு மணிக்குள் திரையில் வரும் வேகத்தைப் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஊகித்து ஊகித்துப் போட்டேன். மூன்றரைக்கு மறுபடி கறுப்புத் திரை. கையுறையோடு பேட்டரியைக் கழற்ற முடியவில்லை, கையுறை இல்லாமல் விரல் மரத்துப்போகிறது. அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். சனிக்கிழமை, சவுனா நாள் அல்லவா! என் மனைவி ரைலி குளித்துவிட்டு சவுனா கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். கூடம் முழுக்க ஆவி.

பேட்டரியைக் கழற்றி மாட்டி, மின்சாரம் கொடுத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். கருகிய வாடை.

"என்ன எரியுது?" என்றாள் ரைலி.

"ஒண்ணுமில்ல, நீ தலையைத் துவட்டு."

ஐராவின் எண் ஐந்து புள்ளி நான்கு கிகாஹெர்ட்ஸ். என் போன வருட எண்ணுக்குப் பக்கத்தில் கூட வராது. அதுதான் முதலிடம். தூ!

பிப்ரவரி 9, ஞாயிறு

கரண்டியை வாங்க ஐரா வந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு நேராக என் மேசைக்குப் போய் மதர்போர்டைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"பால்கனியிலிருந்து நேரா ஆவிக்குள்ள கொண்டுவந்தீங்களா?"

"அவசரம்."

"உள்ள வந்ததும் உங்க மூக்குக்கண்ணாடி மங்கியிருக்குமே?"

"மங்கிச்சு. துடைச்சேன்."

"கண்ணாடியை மட்டுமா?"

ரைலி சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து சிரித்த சத்தம் கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கரண்டியை நானே ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 15, சனி

சவுனா. கல்லுக்குக் காபிக் கோப்பையால் தண்ணீர் ஊற்றினோம். பாதி தண்ணீர் என் காலில்.

புது மதர்போர்டு வந்திருக்கிறது. இன்னும் எதையும் தொடவில்லை. அதன் செட்டிங்கை எல்லாம் இந்த நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தொன்று ஆயிற்று. ஒன்றுக்கு மட்டும் பொருள் புரியவில்லை. ஐராவைக் கேட்டால் தெரியும்.

கேட்டிருக்கிறேன்.